இரவல் பாத்திரங்களில் ஒரு கச்சேரி

போன மாதம் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை மண்டபத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அங்கே போவது குறைவு. பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கும் நாளில் மட்டும் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது ஒவ்வொரு சட்டியின் அடியிலும் நகத்தளவில் ஒரு மைக்கை ஒட்டி வைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டாலே கடைசி வரிசைக்குக் கேட்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் என் மணிக்கட்டு இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

அங்கே நான் பார்த்த வேலையை இப்போது நிரோஷா பார்க்கிறாள். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, அந்தக் கொஸ்லந்தக் கதைய நீங்களே எழுதிக் குடுங்களேன். ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. அன்னைக்கு தோட்டமே அழுதுச்சுன்னு ராஜன் அண்ணன் சொல்றாரு."

தோட்டம் அழவில்லை. ராஜன் வாளி தட்டுவதில் கெட்டிக்காரன், கதை சொல்வதில் இன்னும் பெரிய கெட்டிக்காரன். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வீட்டுச் சாமான்களை வைத்து மேடையில் இசை நிகழ்ச்சி நடத்துகிற குழு எங்களுடையது. குடம், வாளி, தேத்தண்ணீர்க் கேத்தல், சுளகு, விளக்குமாறு, மாச் சலிக்கும் அரிதட்டு, ரொட்டிக்கல் எல்லாம் உண்டு. மத்தளம், கீபோர்ட் எதுவும் கிடையாது. குழுவுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் பதுளையில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'சட்டிபானை செட்' என்றால்தான் தெரியும். ஆரம்பத்தில் அது காதில் விழுந்தால் கோபம் வரும். பிறகு நாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டோம்.

நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பதுளையில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர் சவரிமுத்து சேர். ஒரு நாள் அவர் சமையலறைக்கு வந்து அண்டா, கேத்தல் என்று இரவல் கேட்டார். எதற்கு என்று கேட்டால் பாட்டுக்கு என்றார். பாத்திரம் ஒடுங்கிப் போனால் மேட்ரனிடம் பேச்சு வாங்கப் போவது நான். அதனால் பாத்திரத்தோடு நானும் போனேன். போனவள் சமையலறைக்குத் திரும்பி வரவே இல்லை. சேர் பள்ளிக்கூடத்தை விட்டுக் குழுவை முழு வேலையாக எடுத்தபோது என்னைப் பொருள் பொறுப்பாளராக வைத்துக்கொண்டார். எந்தப் பாத்திரத்துக்கு என்ன சுருதி, எதை எங்கே வைப்பது, யார் கையில் எது என்பதெல்லாம் என் வேலை. மேடையில் மற்றவர்களோடு நானும் தட்டுவேன்.

சேர் மெலிந்த மனிதர். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'தயவுசெஞ்சி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால் நாங்கள் நடுங்குவோம்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. வீட்டில் புழங்காத பொருள் மேடைக்கு வராது. துளை போடக்கூடாது, வெட்டக்கூடாது, சாயம் பூசக்கூடாது. நாளைக்கே அதில் சோறு ஆக்க முடிய வேண்டும். ராஜன் ஒரு தடவை கொத்து ரொட்டி போடும் தகடுகளைக் கொண்டுவந்து தட்டிக் காட்டினான். சேர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்ல சத்தம் ராஜன். ஆனா அது கட. நாம வீடு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுருதி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. தரையில் ஈரச்சாக்கை விரித்துப் பாத்திரங்களை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குவேன். காய்ந்த தரை சத்தத்தைக் குடித்துவிடும் என்பது சேரின் கணக்கு. நான் விரல் முட்டியால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தட்ட வேண்டும். அவர் எனக்கு முதுகைக் காட்டி நிற்பார். கண்ணால் பார்த்தால் பெரிய பாத்திரத்துக்குப் பெரிய சத்தம் என்று மனசு முதலிலேயே முடிவு கட்டிவிடுமாம். சரியில்லை என்றால் 'இன்னொரு தடவ' என்பார். சரியென்றால் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்ததற்குக் காத்திருப்பார். அந்த மௌனம் கிடைக்க வேண்டுமே என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தண்ணீர்தான் எங்களுக்குச் சுருதி சேர்க்கும் முறுக்காணி. அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றத் தட்டும் சத்தம் இறங்கும். மண்பானையின் வாயில் உள்ளங்கையால் அறைந்தால் எழும் சத்தமோ, தண்ணீர் கூடக் கூட ஏறும். பனி இறங்கும் ஊர்களில் மண்பானை ஈரம் குடித்து ஊமையாகிவிடும், அதை முதலில் அடுப்புப் பக்கம் வைத்துக் காய்ச்ச வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் வாளி விறைத்துக்கொண்டு கத்தும், அதன் வயிற்றில் ஒரு துணியைப் போட வேண்டும். இதெல்லாம் பழகிப் பழகிக் கைக்கு வந்தது.

பதுளையில் எங்கள் முதல் நிகழ்ச்சியில் திரை விலகியதும் சபை சிரித்தது. மேடையில் ஒரு அடுப்படியே இருந்தால் சிரிக்கமாட்டார்களா? நிகழ்ச்சி முடியும்போது சபை கதிரைக் கைப்பிடிகளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு இறங்குமுகம் இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த ஒரு நாள், நாங்கள் முதன்முதலாகத் தோட்டத்துக்குப் போன நாள். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டம். கோயிலுக்கு முன்னாலுள்ள திடலில் மேடை. சனம் முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தது. நாங்கள் பதுளையில் கைதட்டல் வாங்கிய எல்லாவற்றையும் செய்தோம். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. பாதியிலேயே சில பேர் எழுந்து போனார்கள்.

முடிந்த பிறகு நான் கேத்தல்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கிட்டே வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"விடியக்காலையில எந்திரிச்சா இதே சத்தம். மலையிலருந்து வீட்டுக்கு வந்தா திரும்ப இதே சத்தம். இதக் கேக்கத்தான் மொகம் கழுவி, சீல மாத்திக்கிட்டு வந்தோமா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்தச் சத்தத்தில் பிறந்தவள்தானே.

சேர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பண்டாரவளை தாண்டினோம். பிறகு சொன்னார்.

"அந்த அம்மாவுக்குச் சொல்ல எங்கிட்ட பதில் இல்ல ஸ்டெல்லா. பதில் கெடைக்கிற வரைக்கும் தோட்டத்துக்குப் போக வேணாம்."

அதன் பிறகு கண்டி, கொழும்பு என்று சுற்றினோம். எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. தெமோதரை ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் மனசு உறுத்தும். யார் வீட்டுச் சாமானோ அவர்களுக்குப் பிடிக்காத பாட்டு என்ன பாட்டு?

சில வருஷம் கழித்து அதே தோட்டத்து இளைஞர் மன்றத் தலைவர் தியாகு எங்களைத் தேடிப் பதுளைக்கு வந்தார். லயத்து ஆட்களே சேர்ந்து கல் சுமந்து, மண் சுமந்து ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு எங்கள் நிகழ்ச்சி வேண்டுமாம்.

"போன தடவ வந்தப்ப உங்க சனத்துக்குப் புடிக்கலியே தம்பி," என்றார் சேர்.

"புடிக்கலன்னு யாரும் சொல்லல சேர். அதப் பத்தி இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

சேர் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நிகழ்ச்சிக்காக எல்லாவற்றையும் புதிதாக அமைத்தார். எந்தப் பாட்டுக்கு எந்தக் குடம், எந்தத் தட்டு என்று பதுளைக் கடைத்தெருவில் தேடித் தேடி, தட்டித் தட்டி வாங்கினோம். ஒவ்வொரு பாட்டும் அந்தந்தப் பாத்திரத்துக்கென்றே செய்தது. வேறொன்றை வைத்தால் ஓடாது.

விழா நாள் காலையில் நல்ல மழை. நாங்கள் வேனில் முன்னால் போனோம். சாமான் லொறி பின்னால் வந்தது. சேர் எப்போதும் லொறியில்தான் வருவார், பாத்திரத்தைத் தனியாக அனுப்பமாட்டார். நாங்கள் தோட்டத்தில் இறங்கி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

"ஸ்டெல்லா, ரோட்டுல மண் சரிஞ்சிருச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னைக்கு வழி தொறக்க மாட்டாங்களாம். இன்னொரு நாளைக்கு வர்றோம்னு அவங்ககிட்ட பக்குவமா சொல்லிட்டு நீங்க மத்த வழியா திரும்பிருங்க."

"சேர், சனம் வந்துக்கிட்டு இருக்கு."

"பாத்திரம் இல்லாம என்ன செய்வீங்க?"

"லயத்துல பாத்திரம் இருக்கு சேர்."



"சுருதி தெரியாத பாத்திரம், ஒத்திகை பாக்காத பாட்டு. இது ரெண்டும் மேடைக்கு வரக்கூடாது. தயவுசெஞ்சி நிப்பாட்டுங்க."

"நான் பாக்குறேன் சேர்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளியே பார்த்தேன். படிக்கட்டு வழியாகக் குடை பிடித்துக்கொண்டு சனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்தும் வருகிறார்கள் என்றார் தியாகு. அவர்களே கட்டிய மண்டபம். உள்ளே சுண்ணாம்பு வாசம் கூடப் போகவில்லை. இரண்டாவது தடவையும் இவர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ராஜனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, "வாங்க, லயத்துக்குப் போவோம்" என்றேன்.

சாமான் இரவல் வாங்குவது சும்மா இல்லை. பாதிப் பாத்திரத்தில் சோறு இருந்தது, குழம்பு இருந்தது. சில பேர் சிரித்துக்கொண்டே வேறொன்றில் கொட்டிவிட்டுக் கொடுத்தார்கள். சில பேர் கதவைப் பாதி திறந்து யோசித்தார்கள். ஒரு குடும்பம் குடியிருந்த காம்பிராவின் வெளிச்சுவரில் இரும்பு ரொட்டிக்கல் ஒன்று ஆணியில் தொங்கியது. பழைய கனத்த கல். போகிற போக்கில் நகத்தால் சுண்டினேன். அப்படியே நின்றுவிட்டேன். தூரத்துக் கோயில் மணி மாதிரி ஆழமான சத்தம், அடங்கவே நேரம் பிடித்தது. 

வீட்டுக்காரர் வெளியே வந்தார். அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே பெண். பெயர் மாரியாயி என்று தியாகு சொன்னார்.

"நீங்களா மிஸ்," என்றார். விஷயத்தைச் சொல்லிக் கல்லைக் கேட்டேன்.

"தர மாட்டேன்."

"பக்குவமா வச்சிக்குவோம் அக்கா. இந்தா, ராஜன்தான் தட்டுவாரு. பழகின கை."

"அவரு யாரு எனக்கு? எம் புள்ளைங்களுக்கு ரொட்டி சுடுற கல்லு அது. கண்டவங்க கையில குடுத்துத் தட்டவா? தட்டணும்னா நான் தட்டிக்கிறேன்."

பேச்சை முடிப்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கோ அது வேறு மாதிரிக் கேட்டது.

"அப்ப நீங்களே வந்து தட்டுங்கக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து வாசலில் நின்ற ஒரு பெண், "அப்ப எங் கொடத்த நான்தான் தட்டுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை. கல்லை ஆணியிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பல பேர், அவரவர் சாமானோடு.

மண்டபத்தின் பின்னறையில் கொழுந்துச் சாக்கை நனைத்து விரித்தோம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். சேர் அமைத்த பாட்டு ஒன்றுகூட இந்தப் பாத்திரங்களில் ஓடாது என்று உடனே தெரிந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் விட்டேன். திருவிழாவில் அந்தப் பெண்கள் ஆடும் கும்மியின் மெட்டை எடுத்துக்கொண்டேன். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், லயத்தில் பிறந்த எனக்கும் தெரியும். வாளி, சுளகு, விளக்குமாறு ஆகிய மூன்றும் எங்கள் ஆட்கள் கையில், தாளம் பிடிக்க. மெட்டு முழுவதும் பெண்களிடம், ஒருவருக்கு ஒரு சுரம் மட்டும்.

"நான் உங்களப் பாத்தா ஒரு தட்டு தட்டுங்க. பாக்கலன்னா கை மடியில இருக்கட்டும். வேற ஒண்ணும் தெரிய வேணாம்."

முதலில் கேட்கச் சகிக்கவில்லை. எல்லோரும் தாமதமாகத் தட்டினார்கள். கொஞ்சம் கவனித்த பிறகுதான் காரணம் புரிந்தது. நான் பார்க்கிறேன், 'என்னையா பார்க்கிறாள்' என்று அவர்கள் யோசிக்கிறார்கள், அதற்குள் இடம் போய்விடுகிறது. ஒரு தட்டு முன்னதாகவே பார்க்க ஆரம்பித்தேன். மெட்டு மெதுவாகத் தலை தூக்கியது.

ஒரு சுரம் மட்டும் கிடைக்கவே இல்லை. எந்தப் பாத்திரத்திலும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய கேத்தலில் தண்ணீர் ஊற்றிச் சுருதியை இறக்கிப் பார்த்தேன். பாதிக்கு ஊற்றியும் போதவில்லை. மூக்கு வழியாக வழியும்வரை ஊற்றினேன். அப்போதுதான் அது வந்து உட்கார்ந்தது. ஆனால் தட்டும்போதெல்லாம் அந்தக் கேத்தல்காரியின் சேலையில் தண்ணீர் தெறிக்கும். "பரவால்ல மிஸ், எப்புடியும் நனஞ்சுதான் வந்தேன்" என்றார்.

மாரியாயியின் கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பாட்டின் ஒவ்வொரு அடியின் முடிவிலும் வருகிற சுரம் அவருடையது.

மேடை ஏறியதும் சபையில் சலசலப்பு. தங்கள் வீட்டுச் சாமானையும், தங்கள் வீட்டு ஆளையும் மேடையில் பார்த்துவிட்டார்கள். "ஏய், அது நம்ம கொடம்" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. ராஜன் வாளியில் தாளத்தைத் தொடங்கினான். நான் தரையில் மண்டியிட்டு, சபைக்கு முதுகைக் காட்டி, பெண்களைப் பார்த்தபடி இருந்தேன். முதல் சுற்று தட்டுத் தடுமாறி ஓடியது. கேத்தலிலிருந்து தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் சபை சிரித்தது. அது நல்ல சிரிப்பு. இரண்டாவது சுற்றில் மெட்டு என்னவென்று சபைக்குப் புரிந்தது. பின்னால் கைகள் கும்மிக்குச் சேர ஆரம்பித்தன.

மூன்றாவது சுற்றில் பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்ப்பதை நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை. என் வாழ்க்கையில் மேடையில் எனக்கு வேலையே இல்லாமல் போன ஒரே நேரம் அதுதான். அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி அடி வந்தது. குடம், தட்டு, கேத்தல் எல்லாம் முடிந்து மாரியாயியின் சுரம் மட்டும் பாக்கி. அவர் தட்டவில்லை. கையை ஓங்கி வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். ராஜன் வாளியில் கையை அமர்த்தினான். மண்டபம் முழுக்க மூச்சை அடக்கிக் காத்திருந்தது. பிறகு, தனக்குத் தோன்றிய நேரத்தில், ஒரே ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. அடங்கிய பிறகு எழுந்த ஆரவாரத்தில் வெளியே பெய்த மழையே கேட்கவில்லை.

அந்த நிறுத்தத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவருடையது.

மாரியாயி கயிற்றை அவிழ்த்துக் கல்லை எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னாக்கா, இன்னைக்காவது பரவாயில்லியா?"

"அன்னைக்கு எங்கள சும்மா ஒக்கார வச்சிட்டீங்க மிஸ். இன்னைக்கு வேல குடுத்தீங்க." கல்லை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "நான் வர்றேன். ரொட்டி சுடணும், புள்ளைங்க பசியோட இருக்கும்."

மறுநாள் பதுளையில் சேர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"நான் நிப்பாட்டச் சொன்னேன்."

"ஆமாங்க சேர்."

"ஏன் நிப்பாட்டல?"

"அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் லயத்துலதான் இருக்கும்னு தோணிச்சு சேர்."

அவர் அடுத்த கேள்விக்குப் போனார். எந்தப் பாத்திரம், என்ன சுரம், யார் எங்கே தடுமாறினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேத்தல் விஷயத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கடைசித் தட்டைப் பற்றிச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தினாங்க? தட்டிக் காட்டுங்க."

மேசையில் தட்டிக் காட்டினேன். நிறுத்தினேன். பிறகு தட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இல்ல. இதவிட நீளமா இருந்திருக்கும்."

"ஆமாங்க சேர். இதவிட நீளம்."

"ரோட்டுல நின்ன எனக்கு அது கெடைக்காமப் போச்சே," என்றார். திரும்ப உட்கார்ந்து, "அடுத்து எந்தத் தோட்டம்னு நீங்களே பாருங்க. நீங்களே நடத்துங்க. நான் கூட வர்றேன்" என்றார்.

அவர் கூட வந்தார். ஊவா மாகாணத்தில் நாங்கள் போகாத தோட்டம் குறைவு. காலையில் போய் லயத்தில் சாமானும் ஆளும் சேர்ப்போம், பகலில் ஒத்திகை, பின்னேரம் நிகழ்ச்சி. எந்த ஊரிலும் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. மாரியாயி அக்காவைக் கொழும்பு மேடைக்கும் அழைத்துப் போனோம். கல்லைப் பாதுகாப்பாகப் பெட்டியில் வைப்போம் என்று சொல்லியும் கேட்காமல் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நிகழ்ச்சி முடிந்து ஒரு பத்திரிகைக்காரர், "இதை எத்தனை வருஷமாக வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். "கல்யாணம் கட்டினதுலருந்து" என்றார் அக்கா.

நிரோஷா, நீ கேட்டதற்காக இவ்வளவும் எழுதிவிட்டேன். மைக் இருக்கட்டும், அது நல்லது. வெளிநாட்டுக்குப் போகிறீர்களாம், அதைவிட நல்லது. இப்போது புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் தோட்டத்து நிகழ்ச்சிக்கு லொறி ஏற்றும்போது, ஏன் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கிறார்களாம். யாரோ ஏற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு பிள்ளை அதில் வாளிகளை அடுக்கினானாம். அவனிடம் இறக்கி வைக்கச் சொல். மற்றப் பாதிச் சாமான் லயத்தில் இருக்கிறது, அந்த இடத்தை விட்டுவைத்தது நான் என்று சொல். வேலையில் இருந்த காலமெல்லாம் எவ்வளவோ பாத்திரங்களுக்குச் சுருதி சேர்த்திருக்கிறேன். என் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காலி இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.